வண்டிக்கு வெளிச்சம் போதவில்லை

செப்டம்பர் 8, ஞாயிறு

மகள் கோகிலாவுக்கு ஐந்தாம் மாதம். இன்று மூலனூரில் சம்மந்தி வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டோம். நவம்பர் பத்தாம் தேதி வளைகாப்பு. அது முடிந்த கையோடு அவளைக் காங்கேயத்துக்குக் கூட்டிவந்துவிடுவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

மறுபேச்சு வந்தது வண்டி விஷயத்தில். கிளம்பும்போது இருட்டிவிட்டது. வாசல்வரை வந்த சம்மந்தி துரைசாமி என் வண்டியின் முன்விளக்கை விரலால் சுண்டிப் பார்த்தார். "ஏனுங் சம்மந்தி, இது லைட்டுங்களா, சீமெண்ணெய் வெளக்குங்களா? புள்ளையக் கூட்டீட்டுப் போறன்னிக்கு நம்ம பெரிய வண்டிய அனுப்பறேன். டிரைவரும் சும்மாதான் இருக்கறான்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். சிரித்தபடி சொல்வதுதான் உள்ளே போய்த் தைக்கும்.

"என்ற புள்ளைய என்ற வண்டில கூட்டீட்டுப் போக எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வழியில் ஒரு மொபெட்காரன் இடது பக்கத்திலிருந்து திடீரென்று முளைத்தான். பக்கத்தில் இருந்த என் மனைவி மனோன்மணி போட்ட கூச்சலில் பிரேக்கை அழுத்தினேன். அவன் எங்கள் குலத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். இந்தக் காலத்தில் எவனுக்கும் ரோட்டில் ஒழுங்காகப் போகத் தெரியவில்லை.

ஆனால் விளக்கு சரியில்லை என்பது உண்மை. பதினோரு வருஷ வண்டி. விளக்கின் முகப்புக் கண்ணாடி பழுத்த வெள்ளரிக்காய்போல் மஞ்சளடித்துக் கிடக்கிறது. வளைகாப்புக்குள் மாற்றிவிட வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

பற்பசை போட்டுத் தேய்த்தேன். ஒரு முழு ட்யூப் போனது. விளக்கு வாசமாக இருக்கிறது. வேறு மாற்றம் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

உப்புத்தாள் வாங்கிவந்து தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸ், கடைசியில் காகிதம்போல் ஒன்று. மதியத்துக்குள் கண்ணாடி பளிங்காகிவிட்டது. இதையே கடையில் கொடுத்தால் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, இல்லாத ரிப்பேரையும் சேர்த்துச் சொல்வான். எண்ணெய் மில்லில் முப்பது வருஷம் மோட்டாரையும் செக்கையும் பிரித்து மாட்டியவன் நான். இரண்டு விளக்குக்கு ஆள் கூப்பிடுவேனா?

எழுந்து திரும்பியதும் வாளியில் கால் இடறி முட்டியில் நல்ல அடி. எந்த மடையன் நடக்கிற வழியில் வாளியை வைத்தான் என்று கேட்டேன். "நீங்கதான் வெச்சீங்" என்றாள் மனோன்மணி. வைத்தாலும் வழியில் வைத்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

சாயங்காலம் சென்னிமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். போதவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோகிலா போன் செய்தாள். குழந்தை உதைக்கிறதாம். சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவள் கடைசியில் வழக்கமான ராமாயணத்தை எடுத்தாள்.

"அப்பா, ஒருக்கா கண்ணக் காட்டீட்டு வாங்களேன். ஒரு நாள் வேலைதானுங்களே."

"என்ற கண்ணுக்கு என்ன கேடு? பேப்பர்ல ஏல அறிவிப்பு வருதே, எறும்பு சைசு எழுத்து, அதக் கண்ணாடியில்லாமப் படிக்கறேன். உம்மாமனாரப் படிக்கச் சொல்லு பாக்கலாம்."

"படிக்கறது வேறயுங்ப்பா."

"போதும் சாமி. வெளிச்சம் போதல, லைட்ட மாத்தறேன். அவ்வளவுதான் சங்கதி."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். என் அப்பாவுக்குக் கடைசியில் கண் தெரியாமல் போனதை மனோன்மணிதான் இவளுக்குச் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அது சர்க்கரையால் வந்தது. டாக்டர் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திருப்பூரில் கார் சாமான் கடைக்கு பஸ்ஸில் போனேன். உள்ளே லென்ஸ் வைத்த எல்.இ.டி. விளக்கு ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரன் மேசைமேல் ஒன்றை எரியவிட்டுக் காட்டினான். அடேயப்பா, சுவரில் வெள்ளையடித்ததுபோல் விழுந்தது.

"வண்டியக் கொண்டாங்க, நாங்களே மாட்டித் தர்றோம். லெவல் பாக்கோணும். இல்லீனா எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்கும்" என்றான்.

"எனக்குத் தெரியும் தம்பி, பில்லப் போடு" என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று விளக்கைப் பிரித்தேன். பம்பரைக் கழற்றி, விளக்கை வெளியே எடுப்பதுவரை சுலபம். முன்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டினால்தான் இளகும். கோகிலா விட்டுப்போன தலைமுடி காயவைக்கும் மெஷினால் ஊதிப் பார்த்தேன்; அது முடிக்குத்தான் லாயக்கு. மனோன்மணி கேக் செய்கிற ஓவன் அடுக்களையில் இருந்தது. அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து விளக்கை உள்ளே வைத்து மிதமான சூட்டில் விட்டேன். தேங்காய் பன்போல் இளகிப் பிரிந்துவந்தது.

அவள் வந்து கதவைத் திறந்ததுமே மூக்கைப் பிடித்தாள். "இனி இதுல கேக் செஞ்சா ரப்பர் செருப்பாட்டந்தான் இருக்கும்" என்று ஒரு மணி நேரம் முணுமுணுத்தாள். மகளைக் கூட்டிவருவது பெரிதா, கேக் பெரிதா?

புது லென்ஸ் உள்ளே போக இடம் பற்றவில்லை. விளக்கை மேலும் கீழும் அசைக்க ஒரு சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கும், அப்போது விளக்கைத் தாழ்த்துவதற்கு. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அதை நான் தொட்டதில்லை. கழற்றிப் போட்டுவிட்டு லென்ஸைத் தகடு வைத்து இறுக்கினேன். இனி அசையாது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்பேனர்களுக்கும் புது விளக்குக்கும் சந்தனம் வைத்தேன். மில்லில் இத்தனை வருஷமும் நான்தான் பூசணிக்காய் உடைப்பேன். இந்த முறை கூப்பிடவில்லை. போன வருஷம் மோட்டாரைப் போட்டபோது பெல்ட் பக்கத்தில் நின்ற ஆளை நான் பார்க்கவில்லையாம். வேட்டி நுனியோடு போயிற்று, ஆளுக்கு ஒன்றுமில்லை. அதற்குச் சின்ன முதலாளி, "அண்ணா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான். பெல்ட் பக்கத்தில் நின்றவனுக்கு ரெஸ்ட் கொடுக்கவில்லை.



அக்டோபர் 13, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தி, எதிரே காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு விளக்கும் கோட்டில் வந்து உட்காரும்படி திருகினேன். ஒரு மயிரிழை பிசகில்லை. மனோன்மணியைக்கூட வண்டியில் உட்காரவிடவில்லை, கணக்குத் தப்பிவிடும் என்று.

பிறகு ரோட்டுக்கு எடுத்துப் போனேன். பட்டப்பகல்! வேலமரத்து முள்ளை எண்ணலாம். சம்மந்தியை அந்த இடத்தில் கூட்டிவந்து நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு குறை. நேர் எதிரே பகல், இரண்டு பக்கமும் கும்மிருட்டு. கடைக்காரன் சொல்லவே இல்லை. ஓரத்துக்கென்று தனியாகப் பனிவிளக்கு போட வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பம்பருக்குக் கீழே இரண்டு பனிவிளக்கு மாட்டினேன். ஓரம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. மட்டமான சரக்கு.

நவம்பர் 3, ஞாயிறு

மனோன்மணியோடு சண்டை. "சம்மந்தி வண்டியே வரட்டுமுங்க. இதுல என்ன கௌரவம் கொறஞ்சு போகுது?" என்றாள்.

"என்ற வண்டிக்கு என்ன கொறச்சல்?"

"வண்டிக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்த டம்ளரை விட்டெறிந்தேன். அவள் அதை எடுத்து வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். முன்பெல்லாம் இவள் என்னோடு சண்டை போடுவாள். இப்போது பாவம் பார்க்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 9, சனி

சீர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. தேங்காய் ஒரு மூட்டை, எண்ணெய் டின் இரண்டு, முறுக்கு, அதிரசம், பழத்தட்டுகள், வாழைத்தார். டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். மனோன்மணி தட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் வருவாள். பூ வரத் தாமதம். வெளிச்சத்திலேயே போய்விடலாம் என்று அவள் பறக்கிறாள். இருட்டட்டும், அதற்குத்தானே விளக்கு.

நவம்பர் 12, செவ்வாய்

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதாவிட்டால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

சனிக்கிழமை தாராபுரம் தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள், ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். என் விளக்கைப் பார்த்து வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். பின்னால் பாரம் இழுத்து வண்டி மூக்கைத் தூக்கியிருந்தது; சுவரில் கோட்டில் உட்கார்ந்த விளக்கு எதிராளி முகத்துக்கு ஏறிவிட்டது. இது இப்போது தெரிகிறது. வெறும் வண்டியில் லெவல் பார்த்துவிட்டு, சீர் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மோட்டாரைக் கழற்றிப் போட்டவனும் நான்தான்.

மூலனூருக்கு முன்னால் வாய்க்கால் பாலத்தில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வழிகாட்ட மாப்பிள்ளை தீபன் பைக்கை எடுத்துக்கொண்டு எதிரே வந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒற்றை விளக்கு ஒன்று எதிரே வந்தது, ஓரமாகப் போனது, அப்புறம் இல்லை. போய்விட்டான் என்று நான் பாட்டுக்கு ஓட்டினேன்.

மனோன்மணி தட்டுகளையெல்லாம் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நிறுத்துங்க! மாப்ள! வாய்க்கால்ல உழுந்துட்டாரு, நம்ம மாப்ளைங்க!"

என் விளக்கில் கண் கூசி அவன் ஓரமாக ஒதுங்கி, கை காட்டி, மாமா மாமா என்று கூப்பிட்டானாம். பின்சீட்டில் இருந்தவளுக்குத் தெரிந்தது. வண்டி ஓட்டியவனுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கு வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்க் கட்டுப் போட்டார்கள். மறுநாள் வளைகாப்பில் கையைக் கழுத்தில் துணிகட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மனைவி பக்கத்தில் நின்றான். நல்ல பையன். "எனக்கு ஒண்ணுமில்லீங் மாமா, மண்ணு சறுக்கீருச்சு" என்று எல்லாரிடமும் சொன்னான். சம்மந்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வளையல் அடுக்கி, கட்டுச்சோறு கொடுத்து, எல்லாம் முடிந்தது. நான் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிட்டேன். பட்டப்பகல். இரண்டு கை நிறைய வளையலோடு கோகிலா படியில் வந்து நின்றாள். இறங்கவில்லை.

"உங்க வண்டில நான் ஏறலீங்ப்பா."

"ஏன் சாமி? பகல்தானே. மெதுவாப் போலாம்."

"என்ற வயித்துல ஒரு உசுரு இருக்குதுங்ப்பா. மாமாவோட வண்டில வர்றேன். நீங்களும் அதுலயே வாங்க. உங்க வண்டிய டிரைவர் கொண்டாந்து உடுவாரு."

ஊரே நின்று பார்த்தது. நான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். "என்ற வீட்டுக்கு வர்றதுனா என்ற வண்டில வா. இல்லீனா இங்கயே இருந்துக்க" என்றேன்.

அவள் அழவில்லை. "செரிங்ப்பா, இங்கயே இருந்துக்கறேன்" என்று உள்ளே போனாள். மனோன்மணியும் பின்னாலேயே போனாள், புடவைப் பையை எடுத்துக்கொண்டு. பிரசவம் பார்க்கத் தாய் வேண்டுமே. அப்பன் தேவையில்லை.

பழத்தட்டு வைத்த இடம் காலியாக, நான் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 16, சனி

ரசம் வைத்தேன். உப்பு இல்லை. உப்பு டப்பாவைத் தேடும்போது அலமாரிக் கதவில் நெற்றி இடித்தது. வீடு முழுக்கக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு திரிவது நான் ஒருவன்தான், திட்டுவதற்கும் ஆளில்லை.

நவம்பர் 18, திங்கள்

மனோன்மணி போனில்: "கண்ணக் காட்டீட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

சரி, காட்டுகிறேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்கி, அதைச் சம்மந்தி வீட்டு நடு ஹாலில் மாட்டிவிட்டு, என் மகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

நவம்பர் 21, வியாழன்

கோயமுத்தூர் போனேன், பஸ்ஸில். பெரிய கண் ஆஸ்பத்திரி.

முதலில் எழுத்துப் பலகை. கடைசி வரிசை வரைக்கும் கடகடவென்று படித்தேன். அந்தப் பெண் "சூப்பருங்க ஐயா" என்றாள். அங்கேயே எழுதிக் கொடுத்திருந்தால் கிளம்பியிருப்பேன். ஆனால் கண்ணில் மருந்து விட்டார்கள், எதையோ வைத்து அழுத்தம் பார்த்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு இருட்டறையில் ஒரு மெஷின். கிண்ணம்போல் இருக்கிறது, அதற்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கணும், சுற்றிலும் அங்கங்கே சின்ன விளக்கு எரியும், எரிகிறபோதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்கணும். நானும் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று எரிந்தது, அமுக்கினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, மெஷின்ல பாதி பல்பு ப்யூஸ் போயிருச்சாட்டம் இருக்குது. ஸ்பேனர் இருந்தாக் குடு, நான் பாக்கறேன்" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா கோகிலா வயதுதான் இருக்கும். இரண்டு வட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். நடுவில் ஒரு காசளவு வெள்ளை, சுற்றிலும் கருப்பு.

"ஐயா, விளக்கெல்லாம் சரியாத்தான் எரிஞ்சது. உங்களுக்கு நடுவுல மட்டும்தான் தெரியுது. கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு ஓரத்துலருந்து பட்டுப்போயிருச்சு. வலி இருக்காது. எழுத்தெல்லாம் நல்லாப் படிக்கலாம். அதனாலதான் பல பேரு வர்றதே இல்ல."

"சொட்டு மருந்து ஊத்துனாச் செரியாப் போகுமுங்களா?"

"இருக்கறதக் காப்பாத்தலாம். போனது வராதுங்க ஐயா."

வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

எழுந்திருக்கும்போது, "உங்கப்பாவுக்குப் பார்வை போச்சுன்னு சொன்னீங்க இல்ல? இது ரத்த சம்பந்தத்துல வரும். உங்க பிள்ளைங்களை உடனே காட்டச் சொல்லுங்க. சின்ன வயசுலயே பிடிச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஆள் கண்ணில் மருந்து விட்டதால் என்று நினைத்திருப்பார்.

நவம்பர் 22, வெள்ளி

காலையிலிருந்து போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எனக்கு வந்ததைச் சொல்வதுகூடக் கஷ்டமில்லை. "சாமி, உனக்கும் இருக்கலாம்" என்று மாசமாக இருக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது? பத்து மணிக்கு மேல்தான் போட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு ப்யூஸ் என்று சொன்னதைக்கூடச் சொன்னேன்.

"உன்னையும் காட்டச் சொல்றாங்க கண்ணு. நாளைக்கே போ. மாப்ளைகிட்ட நான் பேசறேன்."

"காட்டீட்டனுங்ப்பா."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு. எனக்கும் இருக்குது. கொஞ்சந்தான். ஊத்தீட்டுத்தான் இருக்கறேன். இப்ப மாசமா இருக்கறதுனால மருந்தக் கொறச்சிருக்காங்க. கொழந்த பொறந்ததும் மறுபடி பழையபடி ஊத்தோணும்."

"உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்."

"மாப்ளைக்கு?"

"கல்யாணம் பேசறப்பவே சொல்லீட்டேன். அவரு அப்பாகிட்டயும் சொல்லீட்டாரு. அதனாலதான் மாமா உங்க வண்டி வேண்டாம்னாரு."

அந்த மனுஷனை இரண்டு மாதமாக இந்தப் பக்கங்களில் நான் திட்டியிருக்கிறேன். மகளுக்கு வந்த வியாதி சம்மந்திக்குத் தெரிகிறது, நேற்று வந்த மாப்பிள்ளைக்குத் தெரிகிறது. பெற்றவனுக்குத் தெரியாது.

"எங்கிட்ட மட்டும் ஏன் சாமி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னுங்ப்பா பண்ணியிருப்பீங்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாள்கூட. "என்ற ரூம்ல ட்யூப் லைட்ட மாத்தியிருப்பீங்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் செய்திருப்பேன்.